பூர்வீகம் தேடிப் போன கதை: நாஞ்சில் நாடும் மருமக்கள் வழியும்

எல்லார் வீட்டிலும் ஒரு "பறிபோன சொத்து" கதை இருக்கும். மாமா ஏமாற்றினார், சித்தப்பா கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்று ஏதாவது ஒன்று. எங்கள் வீட்டுக் கதை இது: "நாஞ்சில் நாட்டில் நமக்குப் பெரிய வீடு இருந்தது. உன் கொள்ளுத்தாத்தாவோட அப்பா செத்த பதினாறாம் நாளே, அவரோட தங்கச்சி மகன் வந்து வீட்டைப் பிடுங்கிக்கிட்டான். பச்சைப் பிள்ளையையும் தாயையும் வெறுங்கையோட தெருவில் விட்டுட்டான்."

நான் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். அந்தத் தங்கச்சி மகனுக்கு என் மனதில் நம்பியார் முகம்தான் :) போன செமஸ்டர் லீவில் அப்பாவும் நானும் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். போன இடத்தில் கதை தலைகீழாக மாறிவிட்டது. ஏன் மாறியது என்று புரிய கொஞ்சம் சரித்திரம் வேண்டும். நீளமான கட்டுரைதான், பொறுமையாகப் படியுங்கள்.

நாஞ்சில் நாடு எங்கே இருக்கிறது?

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால், திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவது தெரியும். அதைக் கடந்ததும் நிறம் மாறிவிடும். செம்மண் போய் வயலும் வாழையும் தென்னையும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரம்தான் பழைய நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. பழையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த பூமி. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் நெற்களஞ்சியம் என்றே சொல்வார்கள்.

ஆமாம், திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 வரை இது தமிழ்நாடு இல்லை. அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதனால் இங்கே பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள். பழைய பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கும். வருஷமும் கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரிக்கு மேல் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு மலையாளப் பத்திரம் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. "பறிபோன வீட்டோட பத்திரம்" என்று நாங்களாகவே முடிவு செய்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போனோம்.

மருமகன் என்றால் யார்?

தமிழில் ஒரு ஆணுக்கு மருமகன் என்றால் இரண்டு பேர். மகளைக் கட்டியவன், இல்லாவிட்டால் அக்கா தங்கையின் மகன். இந்த இரண்டாவது ஆள்தான் கதாநாயகன்.

திருவிதாங்கூரில் நாயர்கள் உட்படப் பல சமூகங்களில் சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். மலையாளத்தில் மருமக்கத்தாயம். நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் ஒரு பிரிவினரும் இதையே கடைப்பிடித்தார்கள். இவர்கள் மருமக்கள் வழி, மற்றவர்கள் மக்கள் வழி. கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர் தறவாடு. அதை நிர்வாகம் செய்யும் மூத்த ஆண் காரணவர். அவருக்குக் கீழே இருக்கும் தம்பிகள், மருமக்கள் எல்லாரும் அனந்தரவர்கள். ஒரு தாயின் வழியில் வந்த கிளை தாவழி.

உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றுமில்லை. மேகாலயாவில் காசி மக்கள், சுமத்ராவில் மினங்கபாவ் மக்கள், இலங்கையில் மட்டக்களப்புத் தமிழர்களின் முக்குவர் சட்டம் என்று தாய்வழி முறைகள் பல இடங்களில் உண்டு.

ஆனால் நாஞ்சில் நாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. நாயர் தறவாடுகள் பலவற்றில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தன் தாய் வீட்டிலேயே இருப்பாள். பிள்ளைகளும் அங்கேயே வளர்வார்கள். புருஷன் இறந்தாலும் அவள் இருக்கும் கூரை மாறாது. நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண்ணோ, மற்ற தமிழ்ப் பெண்களைப் போலப் புருஷன் வீட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்தினாள். சொத்து மட்டும் மருமகனுக்கு. அதாவது குடியிருப்பது தகப்பன் வழி, வாரிசு தாய் வழி. புருஷன் கண்ணை மூடிய நாளில் அவளும் பிள்ளைகளும் இன்னொருவர் வீட்டில் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

முழுக்கக் கைவிடக் கூடாது என்பதற்காக இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் ஒரு சிறு பங்கு, அது உகந்துடமை. விதவைக்கும் விலக்கப்பட்ட மனைவிக்கும் ஜீவனாம்சம், அது நங்குடமை. இவை ஒழுங்காகக் கிடைத்ததா, கோர்ட்டுக்கு அலையவிட்டதா என்பது காரணவரின் மனசைப் பொறுத்தது.

ராஜா வீட்டிலும் இதே சண்டை

திருவிதாங்கூர் அரச குடும்பமும் மருமக்கள் வழிதான். 1729-ல் ராம வர்மா இறந்ததும் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா. ராம வர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் "ராஜாவின் பிள்ளைகள் நாங்கள்" என்று எதிர்த்து நின்றார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களும் மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிரிகள். கடைசியில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள், மார்த்தாண்ட வர்மா 1758 வரை ஆண்டார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த அதே ராஜா.

அரசாங்க சரித்திரத்தில் தம்பிமார் கலகக்காரர்கள். ஆனால் நாஞ்சில் நாட்டில் தம்பிமார் கதை என்று ஒரு வில்லுப்பாட்டு இருக்கிறது. அதில் அவர்கள் ஊர் இரங்கும் பிள்ளைகள். சட்டம் மருமகன் பக்கம், கண்ணீர் மகன்கள் பக்கம். எங்கள் வீட்டுக் கதையும் ஒரு குட்டித் தம்பிமார் கதைதான் என்று ரயிலில் நினைத்துக்கொண்டேன்.

கவிமணியின் பாட்டும் 1926 சட்டமும்

பள்ளிக்கூடத்தில் குழந்தைப் பாடல்கள் வழியாக நாம் படித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர். அவர் எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் சிரிக்கச் சிரிக்க எழுதிய ஒரு சோகக் கதை. ஐந்து கல்யாணம் செய்த ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் துயரத்தைத் தானே சொல்வதாக வரும். மாமியார், மூத்தாள்கள், மருமகன், வக்கீல், கோர்ட் எல்லாம் அதில் உண்டு. 'தமிழன்' பத்திரிகையில் வந்தபோது நாஞ்சில் நாடே அதைப் பேசியது.

இந்த முறையை மாற்ற வேண்டும் என்ற கிளர்ச்சி அந்தக் காலத்தில் சூடாக இருந்தது. நாயர்களுக்கான சட்டம் 1912-லும் 1925-லும் வந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல் வந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசுரிமை கிடைத்தது, தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கவும் வழி பிறந்தது. இந்த 1926-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடு

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பூதப்பாண்டி பஸ் ஏறினோம். ஜீவா பிறந்த ஊர் அது. அங்கிருந்து தாடகை மலையைப் பார்த்தபடியே இன்னொரு சின்ன ஊர். அந்த வீட்டில் இன்றும் ஆட்கள் இருப்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

வீடு நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஓட்டு வீடு, முன்னால் ஒரு படிப்புரை, உள்ளே காலியான பத்தாயம். வயலில் பாதி இப்போது மனைக் கற்கள். வயதான ஒரு ஆச்சி வெளியே வந்தார். அப்பா தயங்கித் தயங்கித் தன் தாத்தா பெயரைச் சொன்னார். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பகீரென்றது. பிறகு விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்பம் நான் உனக்கு அத்தை முறை. உள்ள வா மக்கா, ஏன் வெளிய நிக்க?"

நூறு வருஷப் பகை, ஒரு முறை சொல்லில் உட்காரவைத்து மட்டிப்பழமும் காப்பியும் கொடுத்துவிட்டது. ஆச்சி எங்கள் நம்பியாரின் மருமகள், அதாவது மகனின் மனைவி. தக்கலைப் பக்கம் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். அப்பா பத்திரத்தை நீட்டினார். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது இந்த வீட்டுப் பத்திரம் இல்லியே மக்கா. உன் பாட்டாவுக்க அம்மை பிறந்த வீட்டு பாகப்பத்திரம்."

1104 மகரம். கணக்குப் போட்டால் 1929-ன் தொடக்கம். சட்டம் வந்து மூன்று வருஷத்துக்குள் எழுதியது. காரணவர் ஒருவர், அவருடைய இரண்டு சகோதரிகள், சகோதரிகளின் பிள்ளைகள் நான்கு பேர், ஆக ஏழு பங்கு. அந்த அனந்தரவர் பட்டியலில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர். "தெருவில் விடப்பட்ட" தாய்க்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு. ஏழில் இரண்டு.

ஆச்சி பத்திரத்தைத் தட்டிக்காட்டிக் கேட்டார்: "உன் பாட்டாவுக்க மாமனுக்கும் பிள்ளைய உண்டும். மூணு பேரு. அவிய பேரு இதில எங்கயாவது கெடக்கா பாரு."

இல்லை.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாங்கள் மகன்களாக நின்று இழந்தோம், உண்மை. ஆனால் அதே கையோடு மருமகனாக நின்று இன்னொரு வீட்டில் வாங்கியிருக்கிறோம். அந்த வீட்டுக் காரணவரின் மூன்று பிள்ளைகளுக்கு, வீட்டைப் பிடுங்கிக்கொண்ட மருமகன் எங்கள் கொள்ளுத்தாத்தாதான். அவர்கள் வீட்டில் நம்பியார் முகம் எங்களுக்கு!

மருமக்கள் வழியில் ஒவ்வொரு ஆணும் இரண்டு வேஷம் போட்டாக வேண்டும். அப்பா வீட்டில் அவன் வெறும் மகன், மாமன் வீட்டில் அவன் வாரிசு. காமர்ஸ் படிக்கிறவளுக்கு இது உடனே தோன்றியிருக்க வேண்டும். ஒரு பற்று இருந்தால் எங்காவது அதற்கு ஒரு வரவு இருக்கும். எங்கள் குடும்பம் பற்றை மட்டும் நூறு வருஷம் மனப்பாடம் செய்துவிட்டு, வரவைப் படிக்கத் தெரியாத மொழியில் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தது.

அந்த இரண்டு பங்கையும் விற்றுத்தான் கொள்ளுத்தாத்தா ஊரை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும் என்று அப்பா வரும் வழியில் சொன்னார். தாத்தாவின் படிப்பு, சென்னை வேலை, என் காலேஜ் ஃபீஸ் வரைக்கும் அந்த ஏழில் இரண்டு எங்கேயோ இருக்கிறது.

ஒரு ரசீது

அத்தோடு முடியவில்லை. ஆச்சி உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார். அதில் 1098-ம் வருஷத்து ரசீது ஒன்று. கொள்ளுத்தாத்தாவின் அப்பா இறந்த வருஷம். விதவைக்கு நங்குடமையாக இத்தனை மரக்கால் நெல் கொடுக்கப்பட்டது, மகனுக்கு உகந்துடமையாக ஒரு துண்டு வயல் விடப்பட்டது என்று எழுதி, கீழே அந்த அம்மாவின் கைநாட்டு. ஆக, வெறுங்கையோடு என்பதும் முழு உண்மை இல்லை.

ஆனால் நியாயமாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1098 என்றால் 1922-23. சட்டம் வர இன்னும் மூன்று வருஷம். அந்த மனிதர் மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தால் மனைவியும் மகனும் வாரிசுகள். முன்னால் போனதால், சில மரக்கால் நெல்லுக்குக் கைநாட்டு வைக்க வேண்டியதாயிற்று. வீட்டை வாங்கிய மருமகனோ 1926-க்குப் பிறகும் வாழ்ந்தார். பழைய முறையில் மருமகனாக வாங்கினார், புதிய சட்டத்தில் அப்பாவாகத் தன் மகன்களுக்குக் கொடுத்தார். அவர் திருடவில்லை, காலம் அவருக்கு இரண்டு கதவையும் திறந்துவிட்டது. நான் இதைச் சொன்னபோது ஆச்சி மறுக்கவில்லை. "அதுக்காச்சுட்டித்தான் உன் மாமா கடைசி வரை அந்த ரசீதைக் கிழிக்க விடல்ல" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்.

அந்தக் கைநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. எங்கள் வம்சாவளியில் அவர் "அந்தப் பிள்ளையோட தாய்", அவ்வளவுதான். தாய் வழியாகவே எல்லாம் போன ஒரு முறையில்கூடத் தாயின் பெயர் தொலைந்துபோகும் என்று நான் நினைத்ததில்லை. சொத்து பெண் வழியாகப் போனது, ஆண் கைக்குத்தான் போனது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அப்பா, அம்மா, தம்பி எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இனி தொலையாது.

பத்திரமே இல்லாதவர்கள்

கடைசியாக ஒன்று. நான் நூறு வருஷம் பின்னால் போக முடிந்ததற்கு என் சாமர்த்தியம் காரணம் இல்லை. எங்களுக்கு நிலம் இருந்தது, அதனால் காகிதம் இருந்தது. அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக நட்டு அறுத்தவர்கள் பெயர் இரண்டு பத்திரத்திலும் இல்லை. கிழக்கே வாய்க்கால், மேற்கே கோயில் நிலம் என்று எல்லை எல்லாம் இருக்கிறது. மனிதர்கள் இல்லை.

இன்னும் பின்னால் போனால் இதைவிட மோசம். பூதப்பாண்டிக்கு வடக்கே அழகியபாண்டிபுரத்தில் ஒரு முதலியார் குடும்பத்திடம் இருந்த பழைய ஓலைகளைக் கவிமணி படி எடுத்தார். பின்னர் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் பற்றி எழுதி வெளிக்கொண்டுவந்தார். நில விற்பனை, வரி, ஊர்க்கூட்டம் இவற்றோடு அடிமைகளை விற்ற ஓலைகளும் அதில் உண்டு. உழைத்தவர்கள் அங்கே பெயரோடு வருகிறார்கள், விற்கப்படும் பொருளாக. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ல் சட்டம் அடிமைமுறையை மறுத்தது. திருவிதாங்கூரில் அது ஒழிய 1855 ஆனது.

என் வகுப்பில் இதே மாவட்டத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் குடும்பத்திடம் பத்திரம் கிடையாது. அவள் தேட வேண்டியது சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தொடங்கிய மிஷன் காலத்திலிருந்து, நிலமே இல்லாதவர்களின் பெயரையும் யாரோ ஒருவர் எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். அடுத்த லீவில் அவளோடு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் பூர்வீகம் தேடிக் கிளம்புவதாக இருந்தால் என் அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன். அப்பா பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், பாட்டிகள் பிறந்த வீட்டையும் கேளுங்கள். பெட்டியில் இருக்கும் படிக்க முடியாத காகிதத்தை, நாம் நினைக்கும் காகிதம் என்று நம்பாதீர்கள், தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படியுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டுக் கதையில் வரும் வில்லன் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கணக்கின் மறுபக்கம் அங்கேதான் இருக்கும்.

கிளம்பும்போது ஆச்சி அந்த ரசீதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "இங்கயே இருக்கட்டும் அத்தை" என்றார். நான் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் பத்திரத்தையும் ஆச்சியின் பேரன் படம் எடுத்துக்கொண்டான்.